கத்தோலிக்கர் பைபிளை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

கேள்வி: ஜனவரி 22, 2024, காலை

சின்ன வயதிலிருந்து ஞாயிறு பூசை தவறியதில்லை. வாசகங்களைக் கேட்டிருக்கிறேன், பைபிளைப் படித்ததில்லை. கூட வேலை பார்க்கும் பெந்தெகொஸ்து நண்பர் எதற்கெடுத்தாலும் வசனம் சொல்கிறார், நான் முழிக்கிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் தொடக்க நூலில் ஆரம்பிப்பேன். லேவியர் வந்ததும் நின்றுவிடும். கத்தோலிக்கர் பைபிளைத் தொடக்கூடாது என்று உங்கள் சபையே தடை போட்டிருந்தது என்கிறார் அவர். உண்மையா? எங்கிருந்துதான் தொடங்குவது? அனுபவமுள்ள அண்ணன்மார் சொல்லுங்கள்.

ஜனவரி 22, இரவு

தொடக்க நூலை மூடி வை தம்பி. லேவியரில் நிற்பது உன் பக்திக் குறைவால் இல்லை. ஒரு நூலகத்தை முதல் அலமாரியிலிருந்து வரிசையாகப் படிக்க உட்கார்ந்தவன் எவனுக்கும் அதுதான் கதி. மொத்தம் 73 நூல்கள். சட்டம், கவிதை, வம்சப் பட்டியல், பழமொழி, கடிதம் எல்லாம் ஒரே அட்டைக்குள்.

மாற்கு நற்செய்தியை எடு. 16 அதிகாரம். வாய்விட்டு நிதானமாகப் படித்தாலும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஒரே மூச்சில் முடி. மறுநாள் மிச்சம் என்று வைக்காதே.

ஏன் மாற்கு? ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வரும், இது அதில் இரண்டாம் ஆண்டு, மாற்கின் ஆண்டு. முதல் ஆண்டு மத்தேயு, மூன்றாம் ஆண்டு லூக்கா. யோவானுக்குத் தனி ஆண்டு கிடையாது, அவர் பாஸ்கா காலத்தில் வருவார். ஆக இந்த ஆண்டு முழுக்க ஞாயிறுதோறும் மாற்கு உன் காதில் விழப்போகிறார். வீட்டில் முழுதாகப் படித்துவிட்டுக் கோயிலில் துண்டு துண்டாகக் கேட்டால், துண்டு எங்கிருந்து வெட்டியது என்று தெரியும். நேற்று யோனா 3-ஐயும் மாற்கு 1:14-20-ஐயும் ஏன் சேர்த்து வைத்தார்கள் என்று யோசித்தாயா? நினிவேக்காரர்கள் ஒரு பிரசங்கத்தில் மனம் மாறுகிறார்கள், நான்கு மீனவர்கள் ஒரு அழைப்பில் வலையை விடுகிறார்கள். பொதுக்கால ஞாயிறுகளில் முதல் வாசகத்தை நற்செய்திக்குப் பொருந்தத்தான் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டாம் வாசகம் அதன் போக்கில் தனியாக ஓடும், அதை வலிந்து முடிச்சுப் போடாதே.

இன்னொன்று. எண்களைப் பார்க்காமல் படி. அதிகாரப் பிரிப்பு 13-ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் செய்தது. புதிய ஏற்பாட்டுக்கு இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்களை 1551-இல் போட்டவர் இராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர். மாற்கு எழுதும்போது இரண்டும் இல்லை. நான் எண்களை எல்லாம் நீக்கி ஒரு பிரதி அச்செடுத்து வைத்திருக்கிறேன். அதில் படித்தபோதுதான் அந்த மனுஷர் எவ்வளவு அவசரக்காரர் என்று பிடிபட்டது. "உடனே, உடனே" என்று ஓடிக்கொண்டே இருக்கிறார்.

ஜனவரி 23

தடை விஷயம். உன் நண்பர் பாதி சொல்கிறார். 1564-இல் திருத்தந்தை நான்காம் பத்திநாதர் காலத்துத் தடைநூல் விதிகளில், தாய்மொழிப் பைபிள் படிக்க ஆயர் அல்லது விசாரணை அதிகாரியின் எழுத்து மூல அனுமதி வேண்டும் என்று இருந்தது. அதை மறைக்க வேண்டாம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1893-இல் 13-ஆம் சிங்கராயர் விவிலிய ஆய்வை ஊக்குவித்தார். 1943-இல் 12-ஆம் பத்திநாதர் ஒரு சுற்றுமடலில் மூலமொழிகளையும் அந்தக் காலத்து இலக்கிய வகைகளையும் ஆராயுங்கள் என்று சொல்லிக் கதவைத் திறந்தார். 1965 நவம்பர் 18-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டில், இறைமக்கள் எல்லாருக்கும் மறைநூல் தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்று எழுதிவிட்டது. அப்புறமும் நாம் படிக்கவில்லை என்றால் குற்றம் திருத்தந்தை மேல் இல்லை, நம் தூக்கத்தின் மேல்.

அரை மணி நேரம் பக்தியோடு படித்தால், வழக்கமான நிபந்தனைகளோடு நிறைபேறுபலன் (மன்னிக்கப்பட்ட பாவங்களுக்கான தண்டனையிலிருந்து முழு விடுதலை) உண்டு என்று சபை சொல்கிறது. தடை போட்ட சபை பலன் கொடுப்பதையும் நண்பரிடம் சொல். அவர் அதற்கும் ஒரு வசனம் வைத்திருப்பார்.

ஜனவரி 23, இன்னும் தூக்கம் வரவில்லை

உன் நண்பர் ஆதியாகமம் என்றால் உன் கையில் அது தொடக்க நூல். அவர் சங்கீதம் என்றால் திருப்பாடல். அப்போஸ்தலர் நடபடிகள் என்றால் திருத்தூதர் பணிகள். முழிப்பில் பாதி இதனால்தான்.

ஜனவரி 29

"ஃபாதர் விளக்கம் இல்லாமல் தானாகப் படித்தால் வழி தவறிவிடுவோம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். திருத்தூதர் பணிகள் 8-இல் எத்தியோப்பிய அதிகாரி தேரில் உட்கார்ந்து எசாயாவை வாசிக்கிறார். புரிகிறதா என்று பிலிப்பு கேட்டதற்கு, யாராவது விளக்காவிட்டால் எப்படி என்கிறார். எல்லாரும் இந்தப் பதிலைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். பிலிப்பு வருவதற்கு முன்பே அவர் வாசித்துக்கொண்டிருந்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. வாசிக்காதவனிடம் விளக்க என்ன இருக்கிறது?

ஒவ்வொரு வசனத்துக்கும் ரோமாபுரியில் ஒரு அதிகாரபூர்வ அர்த்தம் பெட்டியில் பூட்டியிருக்கிறது என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். சபை அதிகாரத்தோடு பொருளை வரையறுத்த பகுதிகள் மிகச் சிலவே என்று 1943-ஆம் ஆண்டுச் சுற்றுமடலே சொல்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் கொடுத்த வழி இதுதான்: எழுதியவர் என்ன சொல்ல வந்தார், எந்த இலக்கிய வகையில் சொன்னார் என்று முதலில் பார். பிறகு முழு மறைநூலோடும், திருச்சபையின் உயிருள்ள மரபோடும், நம்பிக்கை உண்மைகள் தமக்குள் கொண்ட இணக்கத்தோடும் வைத்துப் பார். இந்த முதல் பாதியை நம்மவர்கள் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். நேராக "இந்த வசனம் இன்று எனக்கு என்ன சொல்கிறது" என்று ஆரம்பிக்கிறார்கள்.

நான் போய்வந்த ஒரு குழுவில் இதுதான் நடந்தது. ஆளுக்கு ஒரு வசனம், ஆளுக்கு ஒரு கண்ணீர். அதற்கு முந்தின வசனம் என்ன என்று கேட்டால் கோபம். பிலிப்பியர் 4:13, "எனக்கு வலுவூட்டுகிறவரின் துணைகொண்டு எதையும் செய்ய எனக்கு ஆற்றல் உண்டு". இதைத் தேர்வுக்கும் வேலைக்கும் வீட்டுக் கடனுக்கும் வாக்குறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முந்தின வசனத்தில் பவுல் பட்டினி கிடக்கவும் தெரியும், நிறைவோடு இருக்கவும் தெரியும் என்கிறார். எழுதியது சிறையிலிருந்து. "எதையும்" என்பதில் பட்டினியும் சேர்த்தி என்றேன். அடுத்த வாரம் எனக்கு நாற்காலி மட்டும் போட்டார்கள், பேச்சு கொடுக்கவில்லை.

பிப்ரவரி 2

தம்பி மாற்கை முடித்துவிட்டான்! ஒரே மூச்சில் இல்லையாம், நடுவில் தொலைபேசி. போகட்டும்.

அவன் கேட்டது: கெத்சமனியில் துணியை விட்டுவிட்டு வெறும் மேனியாய் ஓடிய இளைஞன் யார்? 14:51-52. மாற்கு மட்டும்தான் எழுதுகிறார். அவன் மாற்கேதான் என்று பழைய ஊகம் ஒன்று உண்டு, ஆதாரம் கிடையாது. நான் அவனை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். முதல் அதிகாரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவர் பின்னால் போகிறார்கள். இங்கே ஒருவன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவரிடமிருந்து ஓடுகிறான். உடுத்தியிருந்ததைக்கூட.

ஆனால் என்னைப் பல நாள் பிடித்துவைத்தது 8:22-26. பெத்சாய்தாவில் பார்வையற்றவர். இயேசு கைவைத்த பிறகு ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். மனிதர்கள் தெரிகிறார்கள், மரங்கள் நடப்பது போல் இருக்கிறது என்கிறார் அவர். இரண்டாம் முறை கைவைக்க வேண்டியிருக்கிறது. இரண்டு கட்டமாக நடந்த புதுமை! மத்தேயுவிலும் லூக்காவிலும் இது இல்லை. அடுத்த பத்தியைப் பார். பேதுரு "நீர் மெசியா" என்கிறார். சரியாகப் பார்த்துவிட்டார். நாலு வசனம் தள்ளி, "என் கண்முன் நில்லாதே, சாத்தானே" என்று திட்டு வாங்குகிறார். அவருக்கும் மரங்கள்தான் நடந்துகொண்டிருந்தன. பிறகு பத்தாம் அதிகாரக் கடைசியில் இன்னொரு பார்வையற்றவர், பர்த்திமேயு. ஒரே சொல்லில் பார்வை வந்து, வழியில் பின்தொடர்கிறார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இயேசு மூன்று முறை தன் சாவைச் சொல்கிறார். மூன்று முறையும் சீடர்களுக்குப் புரியவில்லை.

எந்த ஞாயிறும் பெத்சாய்தாக்காரர் வரமாட்டார். ஞாயிறு வாசகம் 8:27-இல்தான் தொடங்கும். வாசக நூலை நம்பு, அதோடு நின்றுவிடாதே என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

பிப்ரவரி 11

இன்று கோயிலில் லேவியர் வந்தது கவனித்தாயா! நான் வாசக மேடையில் நின்று படித்தேன். 13:1-2, 44-46. தொழுநோயாளி கிழிந்த உடை, கலைந்த தலையோடு, மேலுதட்டை மறைத்துக்கொண்டு "தீட்டு, தீட்டு" என்று கத்த வேண்டும், பாளையத்துக்கு வெளியே தனியே இருக்க வேண்டும். நற்செய்தி மாற்கு 1:40-45. இயேசு அவரைத் தொடுகிறார்.

கடைசி வரியைப் பார். குணமானவர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார், இயேசுவால் எந்த ஊருக்குள்ளும் வெளிப்படையாகப் போக முடியவில்லை, வெளியே தனிமையான இடங்களில் தங்குகிறார். இடம் மாறிவிட்டது. வெளியே இருந்தவர் உள்ளே, தொட்டவர் வெளியே. லேவியர் 13 காதில் இல்லாதவனுக்கு அந்த வரி வெறும் பயணக்குறிப்பு.

"மோசே கட்டளையிட்டுள்ள காணிக்கையைச் செலுத்தும்" என்கிறாரே, அது என்ன காணிக்கை? லேவியர் 14. வாசகத்தில் வராது. இரண்டு பறவைகள். ஒன்றை மண்பாண்டத்தில், ஊற்றுநீர் மேல் கொல்ல வேண்டும். மற்றதை அந்த இரத்தத்தில் தோய்த்து வெட்டவெளியில் பறக்கவிட வேண்டும். வீடு திரும்பி இதைப் படித்துவிட்டு நான் மேலே எதுவும் படிக்கவில்லை.

எனவே தம்பி, லேவியரை லேவியராகப் படிக்காதே. நற்செய்தி அதை எங்கே இழுக்கிறதோ அந்த இடத்தில் நுழை. அப்படி உள்ளே போனவன் ஒரு அதிகாரம் கூடுதலாகப் படிப்பான்.

பிப்ரவரி 12

பைபிளோடு குறிப்புரையும் சேர்த்துப் படிக்க வேண்டுமா என்று கேட்டவருக்கு. முதல் முறை குறிப்புரை வேண்டாம், இரண்டாம் முறை கட்டாயம். கத்தோலிக்கப் பதிப்புகளில் போதிய விளக்கக் குறிப்புகள் இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம், எண் 825. அதனால் பெரும்பாலான பதிப்புகளில் ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரை, அடிக்குறிப்பு, இணை வசனங்கள் இருக்கும். அந்தப் பொடி எழுத்து இணை வசனங்கள்தான் பாதிச் சொத்து. கூடவே திருச்சபையின் மறைக்கல்வி நூலில் எண் 101 முதல் 141 வரை படித்துக்கொள். சின்னப் பகுதிதான்.

பிப்ரவரி 13

மறைநூலைச் செபமாக வாசிக்கும் லெக்சியோ திவினா முறை பற்றி யாரும் பேசவில்லையே என்கிறார் ஒரு அக்கா. 12-ஆம் நூற்றாண்டு கர்த்தூசியத் துறவி இரண்டாம் குய்கோ சொன்ன நான்கு படிகள்: வாசிப்பு, தியானம், செபம், ஆழ்நிலைக் காட்சி. நல்லதுதான் அக்கா. ஆனால் முதல் படியில் அரை நிமிடம் நின்றுவிட்டு நான்காவதற்குத் தாவுவதைத்தான் எங்கும் பார்க்கிறேன். ஆராய்ச்சியும் செபமும் வேறு வேறு நேரத்தில் என்று நான் பிரித்து வைத்திருந்தேன். இப்போது அந்தக் கோடு எனக்குள்ளேயே அழிந்துவருகிறது. அந்தப் பறவைகளைப் படித்தபின் புத்தகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அது எந்தப் படி?

மார்ச் 10

பதிலுரைப் பாடல் இன்று திருப்பாடல் 137. பாபிலோன் ஆறுகள் அருகே உட்கார்ந்து அழுதோம். பாடகர் குழு உருக்கிவிட்டது. 6-ஆம் வசனத்தோடு நிறுத்திவிட்டார்கள். 7 முதல் 9 வரை வீட்டில் படியுங்கள். உன் குழந்தைகளைப் பாறையில் மோதி அடிப்பவன் பேறுபெற்றவன் என்று முடிகிறது பாடல்.

மார்ச் 12

எதிர்பார்த்தபடியே சண்டை. "இதை எதற்குக் கிளறுகிறீர்கள்" என்கிறார் ஒருவர். நான் கிளறவில்லை, அச்சில் இருக்கிறது. குருக்களும் துறவியரும் நாள்தோறும் செபிக்கும் திருப்புகழ்மாலையைப் புதுப்பித்தபோது அதில் 58, 83, 109 ஆகிய மூன்று பாடல்களை முழுதாகவே விட்டுவிட்டார்கள், வேறு சிலவற்றில் சில வசனங்களையும். செபிப்பவருக்கு மனத்தடை வரும் என்பதால். எனக்கு அந்த முடிவு புரிகிறது. ஆனால் விட்டது பொதுச் செபத்திலிருந்துதான், பைபிளிலிருந்து இல்லை.

மார்சியோன் என்று ஒருவர் 2-ஆம் நூற்றாண்டில் பழைய ஏற்பாடே வேண்டாம் என்றார். திருச்சபை அவரைத்தான் வேண்டாம் என்றது.

எப்படிப் படிப்பது? ஒரிஜன் முதலான பழைய தந்தையர், அந்தக் குழந்தைகள் முளைவிடும் தீய எண்ணங்கள், பாறை கிறிஸ்து என்று விளக்கினார்கள். செபிக்கும்போது எனக்கு அது உதவும். ஆனால் அதை முதல் பதிலாகச் சொன்னால் தப்பித்து ஓடுவது மாதிரி இருக்கிறது. முதலில் 2 அரசர்கள் 25:7 படியுங்கள். செதேக்கியா அரசரின் கண்முன்னே அவர் புதல்வர்களைக் கொல்கிறார்கள். அடுத்து அவர் கண்களைப் பிடுங்குகிறார்கள். அவர் கடைசியாகப் பார்த்தது அது. பாபிலோனுக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்கள் இதை அறிந்தவர்கள். அவர்கள் வாளை எடுக்கவில்லை, கடவுளிடம் கத்தினார்கள். அந்தக் கத்தலையும் மறைநூல் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. அதற்கு ஆமென் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. "எதிரிக்காகச் செபி" என்பது இதே பைபிளில் பின்னால் வருகிறது. முழு மறைநூலோடு வைத்துப் பார் என்று சங்கம் சொன்னது இந்த மாதிரி இடத்துக்குத்தான்.

மே 6

தம்பியின் நண்பர் இப்போது புது ஆயுதம் எடுத்திருக்கிறார்: "திரிதெந்து சங்கத்தில் ஏழு நூல்களை நீங்களாகச் சேர்த்துக்கொண்டீர்கள்." 1546-இல் திரிதெந்து திருமுறையை, அதாவது மறைநூல்களின் பட்டியலை, வரையறுத்தது, சரி. ஆனால் 397-இல் கார்த்தேஜில் கூடிய சங்கத்தின் பட்டியலிலேயே தோபித்தும் யூதித்தும் மக்கபேயரும் உண்டு. தோபித்து நூலின் ஐந்து பிரதிகளின் துண்டுகள் சாக்கடல் அருகே கும்ரான் குகையில் கிடைத்தன, நான்கு அரமேயத்தில், ஒன்று எபிரேயத்தில். 1611-இல் வந்த ஆங்கிலக் கிங் ஜேம்ஸ் பதிப்பிலேயே இவை தனிப் பகுதியாக இருந்தன. லூத்தரும் தன் 1534 பதிப்பில் தனியாக அச்சிட்டார்.

நம் பக்கமும் எல்லாம் ஒரே குரல் இல்லை. புனித எரோணிமுவுக்கே இவற்றின்மீது தயக்கம் இருந்தது, ஆனாலும் தோபித்தையும் யூதித்தையும் இலத்தீனில் மொழிபெயர்த்தார். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் வாதம் நியாயமாக இருக்கும். 1995-இல் வந்த நம் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் இவை இணைத்திருமுறை என்று இரு ஏற்பாடுகளுக்கும் நடுவில் இருக்கும், பழைய ஏற்பாட்டுக்குள் தேடாதே.

வாதத்தை விட்டுவிட்டுத் தோபித்தைப் படி. 14 அதிகாரம்தான். பயணம், பேய், மீன், கல்யாணம், மாமனார் வீட்டில் முன்னெச்சரிக்கையாக இரவோடு இரவாகக் குழி தோண்டி வைப்பது. கூடவே ஒரு நாயும் வருகிறது. இவ்வளவு சிரிப்பு மறைநூலில் இருக்கிறதென்று எனக்கு ஒருவரும் மறைக்கல்வி வகுப்பில் சொல்லவில்லை.

ஜூன் 23

இன்று புயல் அடங்கிய பகுதி. இயேசு படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்கினார். தலையணை மாற்குவில் மட்டும்.

ஜூலை 28

இங்கே ஒரு மாற்றம், கவனியுங்கள். போன ஞாயிறு மாற்கு 6:34-இல் நிறுத்தினார்கள். மக்கள் ஆயனில்லா ஆடுகள் போல் இருக்கிறார்கள், அடுத்து அப்பம் பலுக வேண்டும். இன்று பார்த்தால் யோவான் 6! மாற்கு சின்ன நற்செய்தி. அதனால் இந்த இடத்தில் ஐந்து ஞாயிறு யோவான் 6 நுழைகிறது. விளைவு: மாற்கு 6:39, மக்களைப் பசும்புல் தரையில் குழு குழுவாக உட்கார வைத்த வரி, ஞாயிறு மட்டும் வருபவர் காதில் விழாது. திருக்காட்சி விழாவை அடுத்த வாரநாள் பூசையில் அது வருவதுண்டு, இந்த ஆண்டு அதற்கும் நாள் கிடைக்கவில்லை.

அந்தப் பசுமை மாற்கு மட்டும் சொல்வது. யோவான் புல் இருந்தது என்கிறார், பச்சை என்று சொல்லவில்லை. ஆனால் பாஸ்கா விழா நெருங்கியிருந்தது என்று 6:4-இல் சொல்கிறார். பாஸ்கா வசந்தத்தில் வரும். அந்த நாட்டில் புல் பச்சையாய் இருப்பது அப்போதுதான். இருவரும் தனித்தனியே எழுதியது பொருந்திப் போகிறது. இது நிரூபணம் என்று தூக்கிக்கொண்டு நண்பரிடம் போகாதே தம்பி, எனக்கு மகிழ்ச்சி, அவ்வளவுதான். ஆயன், பசும்புல் என்றதும் திருப்பாடல் 23 ஞாபகம் வந்தவர்கள் சரியான இடத்தில் நிற்கிறார்கள்.

முதல் வாசகம் 2 அரசர்கள் 4:42-44. எலிசா, இருபது வாற்கோதுமை அப்பம், நூறு பேர், மீதியும் வந்தது. இயேசு அப்பம் பலுகச் செய்த புதுமை நான்கு நற்செய்திகளிலும் உண்டு, அப்பம் வாற்கோதுமை என்று சொல்வது யோவான் ஒருவர்தான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் எலிசாவை இழுத்து வந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு விடுதலைப் பயணம் 16, மன்னா. அதை மட்டும் படித்துவிட்டு வராதீர்கள். 15-இன் கடைசி, கசப்புத் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். யோவான் 6-ஐ முழுதாக, 71 வசனமும், ஒரே தடவையில் வாசித்து வையுங்கள். ஐந்தாம் ஞாயிறு பலர் அவரை விட்டுப் போய்விடுவார்கள்.